பதினெட்டுக்குப் பின்னால் ஓர் ஆறு

1

இந்தக் கதையை முதலில் நான் கதையாக எழுதவில்லை. ஒரு விளக்கக் கடிதமாக எழுதினேன். அக்காவின் பெயரில், அக்காவின் கையெழுத்துக்காக, ஒன்றரைப் பக்கம். அதைப் படித்தவர்கள் மூன்று பேர்: விசாரணைக் குழுவின் தலைவர், இரண்டு உறுப்பினர்கள். மூவரும் கடைசிவரை படித்தார்கள். மூவரும் நம்பினார்கள். நான்கு தொகுப்புகள் போட்டிருக்கிறேன்; இப்படிப்பட்ட வாசகர்கள் அதற்கு முன்பும் பின்பும் எனக்கு வாய்க்கவில்லை.

அந்தக் கடிதத்தில் இருந்தது பொய். இப்போது எழுதுவது கதை என்பதால் உண்மையைச் சொல்ல வசதியாக இருக்கிறது.

(முந்தைய வாக்கியம் கொஞ்சம் சாமர்த்தியமாக இருக்கிறது. அழிக்க மனம் வரவில்லை.)

2

தொடக்கம் மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: "மழை கொட்டிக்கொண்டிருந்தது." வெள்ளக் கதை என்றால் கை தானாக இப்படித்தான் போகிறது. ஆனால் அன்று எங்கள் ஊரில் மழையே இல்லை. சுள்ளென்று வெயில். மொட்டை மாடியில் துணி இரண்டு மணி நேரத்தில் காய்ந்தது. அதுதான் பிரச்சினையே.

இரண்டு: "அறிவு என்பது அதிகாரத்தின்

[முடிக்கவில்லை. முடித்திருந்தால் கட்டுரை ஆகியிருக்கும், நீங்களும் எழுந்து போயிருப்பீர்கள்.]

மூன்று, நின்றது: அக்கா ஆற்றின் உயரத்தைச் சொல்கிற வேலையில் இருந்தாள்.

இன்றைய உயரத்தைப் பாலத்துத் தூணில் போட்டிருக்கும் கோடுகளைப் பார்த்து யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். நாளைக்கும் நாளை மறுநாளைக்கும் எவ்வளவு இருக்கும் என்று சொல்வது அவள் வேலை. வெள்ள முன்னறிவிப்பு நிலையம் என்று பெயர். மூன்றாவது மாடி, ஏழு மேசை, இரண்டு ஏசி. ஒரு ஏசி சொட்டும். சொட்டுகிற இடத்தில் ஒரு வாளி. ஊர் வெள்ளத்தையே கணிக்கிறவர்களால் இதை நிறுத்த முடியவில்லையா என்று வருகிறவர்கள் எல்லோரும் ஒரே நகைச்சுவையைச் சொல்வார்கள். பத்தொன்பது வருடம் அக்கா அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறாள்.

ஆறு எங்கள் நாட்டில் பிறப்பதில்லை. பக்கத்து நாட்டில் பிறந்து, அங்கே ஓர் அணையில் தங்கி, எல்லையைத் தாண்டி எங்களிடம் வருகிறது. அணைக்கு எட்டு மதகுகள். மதகைத் திறந்தால் தண்ணீர் எல்லைக்கு வர இருபத்தொன்பது மணி நேரம். எல்லையிலிருந்து எங்கள் நகரத்துக்கு இன்னும் பதினொரு மணி நேரம். எல்லையில் எங்களுக்கு ஓர் அளவுமானி இருக்கிறது. ஆகவே அவர்கள் சொன்னால் எங்களுக்கு நாற்பது மணி நேரம் கிடைக்கும். சொல்லாவிட்டால் பதினொன்று.

கதையில் வருகிற கணக்கு இவ்வளவுதான். நடுவில் இருக்கும் இருபத்தொன்பது மணி நேரம் யார் கையில் இருக்கிறது என்பதைத்தான் நீளமான மேசைகளில் உட்கார்ந்து, கொடியெல்லாம் வைத்துப் பேசுகிறார்கள்.

3

இரண்டு நாடுகளுக்கும் பத்து வருட ஒப்பந்தம் ஒன்று இருந்தது. மழைக்காலத்தில் அணையின் நீர்மட்டத்தையும் வெளியேற்றத்தையும் அவர்கள் ஒரு நாளைக்கு நான்கு முறை அனுப்ப வேண்டும். ஒப்பந்தம் முடிகிற வருடம் அவர்களுக்கு எங்கள் துறைமுகத்தில் தனி இடம் தேவைப்பட்டது. யோசிக்கிறோம் என்று நாங்கள் சொன்னோம். அடுத்த வாரம் தகவல் நின்றது. கருவி பழுது என்றார்கள். எப்போது சரியாகும் என்று கேட்டதற்கு உதிரி பாகம் வர வேண்டும் என்றார்கள். துறைமுகத்தைப் பற்றிய கடிதமும் உதிரி பாகத்தைப் பற்றிய கடிதமும் ஒரே உறையில் வந்தன என்று அக்கா சொன்னாள். (ஒரே உறையா என்று எனக்குத் தெரியாது. கோபத்தில் சொல்லியிருக்கலாம். நன்றாக இருந்ததால் வைத்துக்கொண்டேன்.)

எல்லையில் படையை நிறுத்தினால் படம் பிடித்துச் செய்தி போடலாம். தகவலை நிறுத்தினால் படம் பிடிக்க என்ன இருக்கிறது? தினமும் வந்துகொண்டிருந்த நான்கு எண்கள் வரவில்லை, அவ்வளவுதான். அணையை வானத்திலிருந்துகூடப் பார்த்துவிடலாம். இன்று சாயங்காலம் எத்தனை மதகு திறக்கும் என்பது மட்டும் நான்கைந்து பேர் தலைக்குள் இருக்கிறது. கீழே இருக்கிற நாடு அந்த நான்கைந்து தலைகளைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும்.

பேச்சுவார்த்தைக்கு அக்காவையும் கூட்டிக்கொண்டு போனார்கள். மேசைக்குப் பின்னால், இரண்டாவது வரிசை நாற்காலி. முதல் வரிசைக்கு ஆற்றைப் பற்றித் தெரியாது, பேசலாம். இரண்டாவது வரிசைக்குத் தெரியும், வாயைத் திறக்கக் கூடாது. கேட்டால் காதில் சொல்லலாம். எங்கள் தரப்புக்கு வெளியுறவுச் செயலர் தலைமை. தன்மையான மனிதர். வாசலில் நிற்கும் காவலரைக்கூட 'ஐயா' என்பார். தலைவலி மாத்திரை எப்போதும் சட்டைப் பையில் இருக்கும்.

நான்கு நாள் ஒரே சொல்லில் போயிற்று. எங்கள் வரைவில் 'தகவல் அனுப்பப்படும்' என்று இருந்தது. அவர்கள் வரைவில் 'தகவல் இயன்றவரை அனுப்பப்படும்'.

இயன்றவரை. எத்தனை முறை யோசிக்காமல் அந்தச் சொல்லை எழுதியிருக்கிறேன். அதற்குள் ஓர் அணைத் தண்ணீரைத் தேக்கிவைக்கலாம் என்று அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

4

இனி மேட்டுக்காரரைக் கொண்டுவர வேண்டும்.

அவர் அந்த அணையில் பொறியாளர். பன்னிரண்டு வருடத்துக்கு முன் வேறொரு நாட்டில் நடந்த பயிற்சியில் அக்கா அவரைச் சந்தித்தாள். முதல் நாள் எல்லோரும் எழுந்து, எந்த ஆறு, அதில் எந்த இடம் என்று சொல்ல வேண்டியிருந்தது. அவர் ஆற்றின் பெயரைச் சொல்லி 'மேலே' என்றார். அடுத்து எழுந்த அக்கா அதே பெயரைச் சொல்லி 'கீழே' என்றாள். வகுப்பு சிரித்தது. அன்றிலிருந்து அவர் மேட்டுக்காரர், அவள் பள்ளத்துக்காரி.

ஒரே கணினியில் இரண்டு பேரும் பழகினார்கள். அக்காவுக்குக் கணக்கு ஓடும். அவருக்குத் தண்ணீர் ஓடும். நிறத்தைப் பார்த்தே எத்தனை மதகு திறந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாராம். ஊர் திரும்பிய பிறகு வருடத்துக்கு நான்கைந்து தடவை தொலைபேசியில் பேசிக்கொண்டார்கள். அவருடைய முழங்கால் வலி, இவளுடைய மேலதிகாரி, பிள்ளைகளின் தேர்வு. அத்தான் மருந்துக்கடைக்காரர், முழங்காலுக்கு என்ன தடவலாம் என்று பக்கத்திலிருந்து சொல்வார். "உன் மேட்டுக்காரர் கூப்பிடறார்" என்று போனைக் கொண்டுவந்து கொடுப்பதும் அவர்தான்.

இந்தப் பன்னிரண்டு வருடத்தில் ஒருவரிடம் ஒருவர் ஓர் எண்ணைக்கூடக் கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்று பேசிவைத்துக்கொண்டதும் இல்லை.

[குறிப்பு: அவர்கள் பேசியது இருவருக்கும் சொந்தமில்லாத ஒரு மொழியில். அதில் 'நீ', 'நீங்கள்' வித்தியாசம் கிடையாது. நான் 'நீங்க' போட்டிருக்கிறேன். தமிழில் எழுதுவதால் அவர்களுக்குள் எவ்வளவு மரியாதை என்பதை நான் முடிவு செய்ய வேண்டியதாயிற்று. இதுவும் ஓர் அதிகாரம்தான்.]

5

பேச்சு முறிந்து எல்லோரும் திரும்பி வந்த மூன்றாம் நாள். காலை பத்து மணி. அக்கா கையில் கோப்போடு இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் படியில் இருந்தாள். போன் வந்தது. வேலை நேரத்தில் அவர் கூப்பிட்டதே இல்லை. முழங்காலைப் பற்றி விசாரித்தாள். அவர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"வீட்டைப் பூட்டிட்டு மேட்டுப் பக்கம் போயிடுங்க. நீங்களும் உங்க வீட்டுக்காரரும்."

"எப்ப?"

"இன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிக்குத் திறக்கறாங்க. துறைமுக விஷயம் முடியட்டும்னு பிடிச்சு வெச்சிருந்தாங்க. இனிமே அணை தாங்காது."

"எத்தனை?"

"எட்டும்."

அக்கா படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க ஊர்ல ஆத்தோரம் எத்தனை பேர் இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். அதனாலதான் உங்ககிட்ட மட்டும் சொல்றேன். இங்க நாலு பேருக்குத்தான் தெரியும். நீங்க ஊருக்கே சொன்னா அது எங்கிருந்து வந்துச்சுன்னு கண்டுபிடிக்க அவங்களுக்கு ஒரு நாள் போதும். எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு."

வைத்துவிட்டார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை என்று போன் காட்டியது.

6

தண்ணீர் நாளை மறுநாள் காலை பத்து மணிக்கு நகரத்துக்கு வரும். எல்லை அளவுமானி அதை நாளை இரவு பதினொரு மணிக்குத்தான் காட்டும், ஊர் தூங்கிக்கொண்டிருக்கும். இப்போது சொன்னால் நாற்பத்தெட்டு மணி நேரம். ஆனால் வானம் தெளிவாக இருக்கிறது. எதை வைத்துச் சொல்வது?

இந்த இடத்தில் அக்கா என்ன நினைத்தாள் என்று ஒரு பக்கம் எழுதியிருந்தேன். தன் மனசாட்சியோடு அவள் வாதாடுவதாக, நாட்டுக்கும் நட்புக்கும் நடுவில் [கிழித்துவிட்டேன். அப்படியெல்லாம் ஒன்றும் நினைக்கவில்லையாம். மலை மழைமானியை நினைத்தாளாம்.]

எல்லை மலை உச்சியில் எங்களுக்கு ஒரு மழைமானி உண்டு. அங்கே பெய்கிற மழை மலையின் பின்பக்கமாக இறங்கி, பக்கத்து நாட்டுக்குள் போய் ஆற்றில் சேர்ந்து, சுற்றிக்கொண்டு எங்களிடம் வரும். அதன் தானியங்கிக் கருவி போன வருடமே கெட்டுப்போயிருந்தது. அங்கிருக்கும் காவலர் காலை எட்டு மணிக்குக் கண்ணால் பார்த்துத் தொலைபேசியில் சொல்வார்; அக்கா கையால் பதிவு செய்வாள். அன்று அவர் சொன்னது பதினெட்டு மில்லிமீட்டர். ஏற்கெனவே பதிவாகியிருந்தது.

அக்கா மேசைக்குப் போய் 18-ஐத் திறந்து அதன் பின்னால் ஒரு 6 போட்டாள். 186. கணினி மாதிரியை ஓட்டினாள். நாளை மறுநாள் காலை பெருவெள்ளம் என்று அது சொன்னது.

ஏன் ஆறு என்று கேட்டேன். ஒன்பது போட்டால் நம்ப மாட்டார்கள், மூன்று போட்டால் தண்ணீர் போதாது என்றாள். நான் வேறொன்று எதிர்பார்த்தேன். எண்ணும் நதியும் ஒரே சொல்லாக இருக்கிற மொழியில் எழுதுகிறவனுக்கு இப்படிச் சில ஏமாற்றங்கள் உண்டு.

இயக்குநரிடம் கொண்டுபோனாள். போன வருடம் ஒரு பொய் எச்சரிக்கையால் பத்திரிகைகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர். தாளை இரண்டு முறை பார்த்தார்.

"நூத்தி எண்பத்தாறா? சரியாக் கேட்டீங்களா?"

"கேட்டேன் சார்."

பத்தொன்பது வருடத்தில் அவள் ஓர் எண்ணையும் திருத்தியதில்லை என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் கையெழுத்துப் போட்டார். ஒரு பொய்க்குப் பத்தொன்பது வருட உண்மை தேவைப்பட்டது என்று அப்போது என் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். இப்போது படித்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

அத்தானிடம்கூட அவள் காரணம் சொல்லவில்லை. மருந்தையெல்லாம் மேல்தட்டுக்கு ஏற்றச் சொன்னாள். எந்தத் தட்டுவரைக்கும் என்று அவர் கேட்டார். "கடையையே ஏத்துங்க" என்றாள். அவர் மேலே ஒன்றும் கேட்காமல் அட்டைப்பெட்டி வாங்கப் போனார்.

7

மூன்றாம் நாள் காலை பத்தே காலுக்கு வந்தது.

ஆற்றோரத் தெருக்களிலிருந்து பத்தொன்பதாயிரம் பேரை அதற்குள் அப்புறப்படுத்தியிருந்தார்கள். முதல் நாள் யாரும் நகரவில்லை. வெயிலில் நின்று வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக் கத்துகிறவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். இரண்டாம் நாள் பள்ளிக்கூடங்களை மூடியதும் கிளம்பினார்கள். மருந்துக்கடையின் பெயர்ப்பலகைவரை தண்ணீர் நின்றது. ஒருவர் இறந்தார். படகுத்துறைக் காவலாளி, சான்றிதழ்கள் இருந்த பெட்டியை எடுக்கத் திரும்பிப் போனவர். அக்கா அவர் வீட்டுக்குப் போனாள். தான் யார் என்று சொல்லாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தாள்.

மேலே கடும் மழை, மதகுகள் எல்லாம் மூடியே இருந்தன, இது இயற்கை வெள்ளம் என்று பக்கத்து நாடு அறிக்கை விட்டது. அனுதாபமும் தெரிவித்தது. எங்கள் பத்திரிகைகள் அக்காவின் படத்தைப் போட்டன. நாற்பத்தெட்டு மணி நேரம் முன்பே சொன்ன பெண். வெளிநாட்டு நிபுணர்கள் இரண்டு பேர் அவளுடைய மாதிரியை ஆராய வரப்போவதாகக் கடிதம் எழுதினார்கள். மலைக் காவலரின் நோட்டில் அன்றைய தேதிக்கு எதிரே 18 என்று நீல மையில் இருக்கிறது. அவர்கள் அங்கேயும் போவார்கள்.

8

ஐந்து வாரம் கழித்துப் பேச்சுவார்த்தை மறுபடி தொடங்கியது. அதே மேசை. எதிர்த்தரப்புத் தலைவர் முதலில் எழுந்து எங்களைப் பாராட்டினார். எங்கள் நிலையத்தின் திறமை உலகத்துக்கே முன்னுதாரணம் என்றார். அவர்களுடைய தகவல் இல்லாமலேயே நாற்பத்தெட்டு மணி நேரம் முன்பு எங்களால் கணிக்க முடிகிறது. அப்படியிருக்க ஒப்பந்தத்தில் தகவல் பிரிவு எதற்கு, அதை எடுத்துவிடலாம் என்றார். வேண்டுமானால் எங்கள் நிபுணரே இங்கே இருக்கிறார், தன் முறையை அவரே விளக்கட்டும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

எங்கள் முதல் வரிசை கோப்புகளைப் புரட்டியது. செயலர் இடைவேளை கேட்டார்.

தாழ்வாரத்தில் அக்காவைத் தனியாக அழைத்துப் போனார். மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

"அம்மா, உண்மையைச் சொல்லுங்க. எப்படித் தெரிஞ்சுது?"

அக்கா தாழ்வாரத்தின் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"அங்க யாராவது சொன்னாங்களா? பயப்படாதீங்க. அப்படி ஒருத்தர் இருந்தா நமக்கு ரொம்ப நல்லது. இந்த ஒப்பந்தத்தைவிட நல்லது. அவரை நாங்க பத்திரமாப் பார்த்துப்போம். அப்பப்ப ரெண்டு வார்த்தை பேசினாப் போதும்."

அவர் மிரட்டவில்லை. அன்பாகத்தான் சொன்னார் என்று அக்கா இரண்டு முறை சொன்னாள். அந்த அன்புதான் அவளைப் பயமுறுத்தியது. அந்தப் பக்கம் தெரிந்தால் மேட்டுக்காரர் துரோகி. இந்தப் பக்கம் தெரிந்தால் மேட்டுக்காரர் எங்கள் உளவு ஆள். முழங்கால் வலிக்காரராக அவர் இருக்கக்கூடிய இடம் உலகத்தில் அவளுடைய தலைக்குள் மட்டும்தான் மிச்சம் இருந்தது.

"யாரும் சொல்லல சார்" என்றாள். "உள்ள போய்ச் சொல்றேன்."

உள்ளே முதல் வரிசையில் அவளுக்கு நாற்காலி போட்டார்கள். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை ஒலிவாங்கி முன்னால் வந்தது. அவள் பேசியது நான்கு வாக்கியம். நடவடிக்கைக் குறிப்பில் இருக்கிறது:

"மலை மழைமானியின் அளவு பதினெட்டு. நான் கவனக்குறைவாக நூற்று எண்பத்தாறு என்று பதிவு செய்துவிட்டேன். எச்சரிக்கை அந்தத் தவறான எண்ணால் வந்தது. வெள்ளம் வந்தது தற்செயல்."

எதிர்த்தரப்புத் தலைவர் கோப்பிலிருந்து நிமிர்ந்தார்.

"தற்செயலா?" என்று கேட்டார்.

"ஆமா."

அவர் நம்பவில்லை. நம்பவில்லை என்று சொல்ல வேண்டுமானால் அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு மதகு திறந்ததைச் சொல்ல வேண்டும். மூடியிருந்தது என்று அவர்களே உலகத்துக்கு அறிக்கை கொடுத்திருந்தார்கள். அவளுடைய பொய்க்கு அவர்களுடைய பொய் முட்டுக் கொடுத்தது. அவர் கோப்பை மூடி, அடுத்த பிரிவுக்குப் போகலாம் என்றார்.

தகவல் பிரிவு ஒப்பந்தத்தில் நின்றது. ஒரு நாளைக்கு இரண்டு முறை, நீர்மட்டம் மட்டும். 'இயன்றவரை'யும் அப்படியே இருந்தது.

9

எழுதிக்கொண்டே வரும்போது மேட்டுக்காரர்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. பாத்திரமாக அவர் சரியாக நிற்கவில்லை. உயிருக்குப் பயந்தவர், அதுவும் இரண்டு பெண் பிள்ளைகளின் தகப்பன், தன் சொந்தப் போனிலிருந்தா கூப்பிடுவார்? அவரை அவர்களே கூப்பிடச் சொல்லியிருந்தால்? ஊர் அழிந்தால் கெட்ட பெயர், ஒப்புக்கொண்டால் தோல்வி. ஆகவே ஒரு நண்பர் வழியாகச் சொல்லிவைப்போம், அவள் எப்படியாவது சமாளிக்கட்டும், பிறகு அந்தத் திறமையையே காட்டித் தகவல் பிரிவை எடுத்துவிடலாம் என்று யாராவது கணக்குப் போட்டிருந்தால்? கதை இன்னும் கெட்டியாகும். ஒரு வாசகனாக எனக்கு அது பிடித்திருந்தது.

அக்காவிடம் சொன்னேன். துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"ரெண்டு பொண்ணு இருக்குன்னு சொன்னப்ப அவர் குரல் எப்படி இருந்துச்சுன்னு உனக்குத் தெரியாதுடா" என்றாள்.

தெரியாதுதான். தெரியாததை எழுத்தாளன் சந்தேகமாக்கிக்கொள்கிறான். நாடுகளும் அப்படித்தான் செய்கின்றன என்று சொன்னால் தப்பித்துக்கொண்ட மாதிரி இருக்கும். அந்தச் சந்தேகத்தை இங்கேயே வைத்துவிட்டுப் போகிறேன், எடுத்துக்கொள்வதும் விடுவதும் உங்கள் பாடு.

10

துறை விசாரணை வைத்தது. எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். அக்கா என் வீட்டுக்கு வந்தாள், தாளை என் முன்னால் வைத்தாள். அவளுக்குப் பொய் எழுத வராது. எண்ணில் ஒரே ஒரு முறை எழுதினாள், சொல்லில் முடியவில்லை.

நான் எழுதினேன். கண் சோர்வு, தொடர்ந்து மூன்று வார வேலை, விசைப்பலகையில் விரல் தவறுதலாகப் பட்டது, மறுபடி சரிபார்க்கத் தவறியது. தொழில் ருசியோடுதான் எழுதினேன், மறைக்க மாட்டேன். காவலர் சரியாகச் சொன்னார், இயக்குநர் என்னை நம்பிக் கையெழுத்திட்டார் என்று மற்ற எல்லோரையும் காப்பாற்றும் வாக்கியங்களையும் நுழைத்தேன்.

அவள் படித்துவிட்டு ஒரு சொல்லின்மேல் விரலை வைத்தாள். கவனக்குறைவு.

"இதுக்கு வேற வார்த்தை இல்லையா?"

யோசித்தேன். அசட்டை, அலட்சியம், பிசகு, கைத்தவறு. எல்லாமே அதைவிட மோசமாக இருந்தன, அல்லது போதாமல் இருந்தன. மேசையில் அவளே சொன்ன சொல்தானே என்றேன்.

"சொல்லிட்டேன். எழுதி கையெழுத்துப் போடறது வேற" என்றாள். தினமும் மூன்று முறை எண்ணைச் சரிபார்த்த பெண். சின்ன வயதில் என் பெருக்கல் வாய்பாட்டு நோட்டைத் திருத்தி என்னை அழவைத்தவள். பேனாவைத் திறந்து ஐந்து நிமிடம் சும்மா வைத்திருந்தாள். அப்புறம் கையெழுத்துப் போட்டாள். நான் காப்பி போடப் போகிறேன் என்று எழுந்து அடுக்களையில் போய் நின்றுகொண்டேன்.

பழைய ஆவணப் பிரிவுக்கு மாற்றினார்கள். நிபுணர்கள் வரவில்லை. அலுவலகத்தில் அவளுக்கு 'அதிர்ஷ்டக்காரி' என்று பெயர் விழுந்தது. மழைக்காலம் வந்தால் மூன்றாவது மாடியில் புதிதாக வந்தவர் கணக்குப் போடுவார். இவள் தரைத்தளத்தில் அறுபது வருடத்துக்கு முந்தைய ஆற்று உயரங்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருப்பாள். அதில் ஒரு பிழையும் இல்லை என்று சொல்கிறார்கள். யாரும் அதைச் சரிபார்ப்பதும் இல்லை.

11

மேட்டுக்காரர் அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. அவளும் கூப்பிடவில்லை, கூப்பிட்டால் அதுவே ஆதாரம். அந்த அணையில் அதிகாரிகள் நான்கு பேரை மாற்றியதாக ஒரு முறை செய்தித்தாளில் மூன்று வரி வந்தது. பெயர் இல்லை. வருடங்கள் போய்விட்டன. ஒப்பந்தமும் ஒரு முறை புதுப்பிக்கப்பட்டுவிட்டது.

முடிவு மூன்று எழுதினேன். முதல் முடிவில் அவர் ஓய்வுபெற்று, முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, மூத்த பெண்ணுக்குத் திருமணம் செய்துவைக்கிறார். இரண்டாவதில் ஓர் அறையில் அவரிடம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். மூன்றாவதில் அவர் எங்கோ ஒரு கூட்டத்தில் பதக்கம் வாங்குகிறார். எதற்கு என்று அறிவிக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா முழுப் பிரதியையும் படித்தாள். கையில் பென்சில். நான் ஏற்கெனவே மாற்றியிருந்த எண்களையெல்லாம் இன்னொரு தடவை மாற்றினாள். மணி, மதகு, வருடம், ஆட்களின் தொகை. நீங்கள் படித்தது அவளுடைய எண்கள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் சரியாக வரும், அதை அவளால் விட முடியாது. எந்த அணைக்கும் பொருந்தாது.

மூன்று முடிவுகளையும் எடுத்துவிடச் சொன்னாள்.

ஏன் என்று கேட்டேன். அவர் நன்றாக இருப்பதாக எழுதினால், அங்கே யாராவது படித்துவிட்டு இவர்களுக்குள் இன்னும் பேச்சு இருக்கிறது என்று தேடலாம். மாட்டிக்கொண்டதாக எழுதினால், மாட்டாமல் இருப்பவரை மாட்டிவிட்டதாகலாம். பதக்கத்தைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தின் மூலையை மட்டும் மடித்துவைத்தாள்.

முடிவில்லாமல் கதையை எப்படி விடுவது என்றேன். வாசகர்கள் திட்டுவார்கள்.

"அவர் படிச்சா?" என்றாள்.

"அவருக்குத் தமிழ் தெரியாதே அக்கா."

"அவர் பொண்ணுங்க மொழி படிக்கற பிள்ளைங்க. யாராவது படிச்சுச் சொல்லலாம்." பென்சிலைக் கீழே வைத்தாள். "அப்படிப் படிச்சா முடிவு அவருக்குத் தெரியும்ல. நமக்குத்தானே தெரியாது."

ஆகவே முடிவை இங்கே போடவில்லை. இதைப் படித்துக்கொண்டிருப்பவர்களில் ஒருவரிடம் அது இருக்கலாம். மற்றவர்கள் மன்னிக்க வேண்டும். நீங்கள் அந்த ஒருவராக இருந்தால், தயவுசெய்து எங்களுக்கு எழுத வேண்டாம்.